ஏலத்தில் பெராரி, கொட்டிலில் பியட்: வாசகர் கேள்வி பதில்

பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்கள் கோடிக்கணக்கான டொலருக்கு ஏலம் போகும் செய்தி வந்தாலே திருகோணமலைப் பக்கமிருந்து கடிதங்கள் கூடும். வீட்டுக் கொட்டிலில் ஒரு பழைய கார் நிற்கிறது என்பதுதான் அநேகமாகக் காரணம். இம்முறை வந்தவற்றுள் சில.

நியூயோர்க்கில் ஒரு பெராரி 250 ஜிடிஓ 5 கோடி டொலருக்கு மேல் போனதாமே! அறுபது வருடப் பழசு, ஏசிகூடக் கிடையாது. அந்தத் தகரத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?
ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை

தகரம் இல்லை சேர், உடல் முழுக்க அலுமினியம். ஆனால் உங்கள் கேள்வி சரியான கேள்வி. அலுமினியத்துக்கும் அந்த விலை இல்லை.

நீங்கள் சொல்வது 2023 நவம்பரில் ஆர்எம் சொதபீஸ் என்ற ஏலக்கம்பனி விற்ற 1962ஆம் ஆண்டுக் கார். அதே காலத்தில் பெராரி செய்த 250 ஜிடிஇ என்ற நான்கு இருக்கைக் காரை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு வகைக்கும் அடிப்படை ஒரே குடும்ப எஞ்சின்: 2,953 சிசி, 12 சிலிண்டர். 2,953ஐ 12ஆல் பிரித்தால் ஒரு சிலிண்டருக்கு 246 சிசி வரும். 250 என்ற பெயர் அதைக் கிட்டத்தட்ட முழுமையாக்கியது. ஜிடிஇ 950 அளவில் செய்யப்பட்டது. ஜிடிஓ 1962 முதல் 1964 வரை வெறும் 36. ஒன்று குடும்பத்தோடு போக, மற்றது பந்தயம் ஓட. ஜிடிஇக்குச் சில லட்சம் டொலர், ஜிடிஓவுக்குச் சில கோடி டொலர். ஜிடிஇ மலிவாகக் கிடந்த காலத்தில் அதன் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் எடுத்துப் போலி ஜிடிஓ செய்தவர்கள் பலர். உடல் அச்சு அசலாக இருக்கும், சத்தமும் அதே சத்தம். ஆனால் அசலின் விலைக்குக் கிட்டவும் போகாது.

ஏனென்றால் அசல் ஜிடிஓ ஒவ்வொன்றுக்கும் சசி (அடிச்சட்ட) இலக்கம் வாரியாக வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. எந்த ஓட்டத்தில் ஓடியது, யார் ஓட்டினார், எங்கே மோதியது, எந்த வருடம் யாரிடம் கைமாறியது என்று எல்லாம் தெரியும். 2023இல் விற்ற காரைப் பெராரியின் சொந்த அணியே 1962இல் நூர்பர்க்ரிங் 1,000 கிலோமீற்றர் ஓட்டத்தில் இறக்கி இரண்டாம் இடம் எடுத்தது. வாங்குபவர் காசு கொடுப்பது அந்தப் பதிவுக்கு.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் செய்தித்தாள்கள் எழுதுவதில்லை. சில பழைய கார் நிகழ்வுகளில் கலந்துகொள்வதற்குக் காரே அனுமதிச்சீட்டு. இத்தாலியின் மில்லே மிலியா 1927 முதல் 1957 வரை பந்தயமாக ஓடியது. இப்போது நேரம் தவறாமல் ஓட்டும் ஊர்வலமாக நடக்கிறது. அந்தப் பழைய பந்தயத்தில் பங்குபற்றிய வகைக் கார்களுக்குத்தான் அங்கே இடம். 1957இல் ஓடிய வகையும் 1958இல் வந்த வகையும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் விலையில் பெரிய இடைவெளி வருவது இதனால்தான்.

5,17,05,000 டொலர் என்று போட்டிருந்தது. கூவி விற்கும் ஏலத்தில் இந்த 5,000 எங்கிருந்து வருகிறது? மீன் ஏலத்தில் அப்படி முறிகாசு கேட்டு நான் பார்த்ததில்லை.
வாசகர், நிலாவெளி

கூவியது 4 கோடியே 70 லட்சத்தில் முடிந்தது. அதற்குச் சுத்தியல் விலை என்று பெயர். வாங்கியவர் அதன்மேல் ஏலக்கம்பனிக்குத் தரகு கட்ட வேண்டும்: முதல் இரண்டரை லட்சத்துக்கு 12 வீதம், மிச்சத்துக்கு 10 வீதம். கணக்கைப் போடுங்கள். இரண்டரை லட்சத்தில் 12 வீதம் 30,000. மிச்சம் 4 கோடியே 67 லட்சத்து 50 ஆயிரத்தில் 10 வீதம் 46,75,000. இரண்டையும் கூட்டினால் 47,05,000. சுத்தியல் விலையோடு சேர்த்தால் உங்கள் முறிகாசு வந்துவிடும். 2018 ஓகஸ்ட்டில் கலிபோர்னியாவில் 4,84,05,000க்குப் போன இன்னொரு ஜிடிஓவுக்கும் இதே கணக்குத்தான். அதன் சுத்தியல் விலை 4 கோடியே 40 லட்சம்.

செய்தியில் வரும் விலை எப்போதும் தரகோடு சேர்ந்தது. விற்றவரின் கைக்குப் போவது சுத்தியல் விலை, அதிலும் அவருடைய பக்கத்துத் தரகு கழியும். ஏல விலைகளை ஒப்பிடுபவர்கள் ஒரு பக்கம் தரகோடும் மறுபக்கம் தரகில்லாமலும் எடுத்துவிட்டு, "விலை பத்து வீதம் ஏறிவிட்டது" என்று எழுதுவதுண்டு. ஏறவே இல்லை.

மீன் ஏலத்துக்கும் இதற்கும் இன்னொரு வித்தியாசம்: விற்பவர் இரகசியமாக ஓர் அடிவிலை வைக்கலாம். கேள்வி அதைத் தொடாவிட்டால் கார் விற்காது. ஆகவே "இவ்வளவுக்குக் கேட்டார்கள்" என்பதும் "இவ்வளவுக்கு விற்றது" என்பதும் வேறு வேறு. பட்டியலில் அடிவிலை இல்லை என்று போட்டிருந்தால், கடைசியாகக் கேட்டவருக்குக் கார் போயே ஆக வேண்டும்.

விலை ஏறிக்கொண்டே போகிறதே, வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒருவன் காணி வாங்குவதை விட்டுவிட்டு இத்தாலிக் கார் ஒன்றில் காசைப் போடப்போகிறேன் என்கிறான். சரியா?
வாசகி, சீனன்குடா

ஏறிக்கொண்டே போகவில்லை அக்கா. பெராரியைத் தொடங்கிய என்சோ பெராரி 1988 ஓகஸ்ட்டில் இறந்தார். இனி இப்படி ஒரு கார் வராது என்ற பேச்சில் விலை கண்மண் தெரியாமல் ஏறியது. 1989, 1990 வாக்கில் ஜிடிஓ ஒன்று ஒரு கோடி டொலரைத் தாண்டியது. கடன் வாங்கி வாங்கியவர்கள் நிறைய. பிறகு விழுந்த விழுகையில், சில வருடத்துக்குள் அதே வகைக் கார் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வந்தது. அந்த உச்சத்தில் வாங்கியவர் போட்ட காசைத் திரும்பப் பார்க்கப் பத்து வருடத்துக்கு மேல் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த பெரிய ஏற்றம் 2010க்குப் பிறகு. 2014இல் ஒரு ஜிடிஓ 3 கோடியே 81 லட்சத்து 15 ஆயிரம் டொலர். 2018இல் மேலே சொன்ன கார், 2023இல் அடுத்தது. கடைசி இரண்டையும் ஒப்பிட்டால் ஐந்து வருடத்தில் 7 வீதம்கூட முழுதாக ஏறவில்லை. இவை வெவ்வேறு கார்கள் என்பதால் நேராக ஒப்பிடுவது சரியில்லை. ஆனாலும் அந்த ஐந்து வருடப் பணவீக்கத்தை நினைத்தால் மனம் கொஞ்சம் தெளியும்.

ரசனையும் நகர்கிறது. 1960களின் கார்களைச் சிறுவயதில் சுவரில் ஒட்டி வைத்தவர்களுக்கு இப்போது எழுபது வயதளவில். அடுத்த தலைமுறை தேடுவது பெராரியே 1,311 மட்டும் செய்த எஃப்40, 349 மட்டும் செய்த எஃப்50 போன்றவற்றை. நடுத்தர விலையில் இருக்கும் 1950, 60களின் கார்கள்தான் இதில் அடிபடுகின்றன.

கார் காணி மாதிரிச் சும்மா கிடக்காது. காப்புறுதி, நிறுத்த இடம், ஓடாவிட்டாலும் காலம் போனால் மாற்ற வேண்டிய ரப்பர், பெல்ட். 1973இல் வந்த பெராரி வி8இலும் அதன் பின்வந்த பலவற்றிலும் டைமிங் செயினுக்குப் பதில் பெல்ட் இருந்தது. கிலோமீற்றர் ஓடாவிட்டாலும் மூன்று முதல் ஐந்து வருடத்தில் மாற்றுவது வழக்கம். தம்பிக்குக் காரில் ஆசை என்றால் வாங்கட்டும். காசு பெருக்குவதற்கு என்றால் காணிதான் எங்கள் வாக்கு.

அப்பப்பாவின் பியட் 1100 கொட்டிலில் முப்பது வருடமாக நிற்கிறது. இத்தாலிக் கார் என்பதால் நல்ல விலை போகும் என்கிறார்கள். விற்க முதல் பெயின்ற் அடித்துப் புதுசாக்கிவிடவா?
வாசகர், பாலையூற்று

அடிக்க வேண்டாம். முதலில் அது எந்த 1100 என்று பாருங்கள். 1953 முதல் 1969 வரை அந்தப் பெயரில் பல வந்தன.

முன்கதவைத் திறவுங்கள். கீல் பின்பக்கத் தூணில் இருந்து, கதவு முன்னோக்கி விலகாமல் பின்னோக்கித் திறந்தால் 1950களின் கார். கீல் முன்பக்கம் என்றால் 1960 அல்லது அதற்குப் பிந்தியது. முகப்புக் கிறிலின் நடுவில் மூன்றாவது விளக்கு ஒன்று இருந்தால் உடனே கடிதம் போடுங்கள்: அது டிவி என்ற வேகமான வகையாக இருக்கலாம், மில்லே மிலியா வாசலில் இடம் பெறும் வகை. அதற்கு ஐரோப்பாவில் வாங்க ஆள் உண்டு. மற்ற நான்கு கதவு 1100களுக்கு உலக ஏலத்தில் பெரிய கிராக்கி கிடையாது. அவை இலட்சக்கணக்கில் ஓடிய குடும்பக் கார்கள். இலங்கைக்குள் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது பெயின்றை அல்ல, கீழே உள்ள நான்கை.

முதலாவது, இலக்கங்கள். பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில் பியட்டின் சிறு தகடு இருக்கும். அதில் சசி இலக்கம், எஞ்சின் வகை, உதிரிப்பாக இலக்கம் என்று மூன்று தனித்தனியாக அடித்திருக்கும். உதிரிப்பாக இலக்கத்தைச் சசி இலக்கம் என்று நினைத்து விளம்பரத்தில் போடுபவர்கள் அதிகம்; வாங்க வருபவர் லொக்புக்கோடு ஒப்பிட்டுவிட்டுச் சந்தேகத்தோடு திரும்பிப் போவார். தகட்டில் உள்ள சசி இலக்கமும் உடலில் நேரடியாக வெட்டிய இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் புளொக்கில் அடித்த வகை 103 என்று தொடங்க வேண்டும். எங்கள் நாட்டில் பழைய கார்களுக்கு ஜப்பான் எஞ்சின் ஏற்றுவது ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். அப்படி ஏற்றியிருந்தால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் திருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய எஞ்சின் கொட்டில் மூலையில் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாதி விலை அதில்.

இரண்டாவது, கடதாசி. லொக்புக், பழைய வரிப்பத்திரங்கள், காப்புறுதித் துண்டுகள், கராஜ் பில், காரோடு எடுத்த குடும்பப் படம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். பெயர்மாற்றம் அப்பப்பாவோடு நின்றிருந்தால் உரித்துக்காரர் எல்லோரும் உயிரோடு, ஒற்றுமையாக இருக்கும்போதே அதை முடித்துவிடுவது புத்தி.

மூன்றாவது, கறள். 1100க்குத் தனி அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டம். ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி உதிர்ந்திருந்தால் கார் நடுவில் தொய்யும். கண்டுபிடிக்க ஜாக்கி தேவையில்லை: கதவை மெதுவாகச் சாத்துங்கள், தூணோடு உள்ள இடைவெளி மேலே ஒடுங்கியும் கீழே அகலமாகவும் இருந்தால் தொய்ந்துவிட்டது. துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டில் நகர்த்துங்கள். பிடி விட்டுப் போகும் இடத்தில் பட்டி தடிப்பாகப் பூசியிருக்கிறது. (ஏலக்கார்களிலும் இந்தக் காந்தம் வேலை செய்யும். பெராரி 275 ஜிடிபி பெரும்பாலும் இரும்பு உடல். கதவும் பொனற்றும் டிக்கியும் மட்டும் அலுமினியம். கூரையிலும் காந்தம் பிடிக்காவிட்டால் அது விலை கூடிய முழு அலுமினிய வகையாக இருக்கலாம்.)

நான்காவது, உதிரிப்பாகம். 1100டி வகை என்றால் மும்பையில் பிரீமியர் பத்மினி என்று பல காலம் செய்தது அதைத்தான். சாமான் இன்னும் கிடைக்கும். ஆனால் பிஸ்டன் ஓடர் செய்ய முதல் போரை, அதாவது சிலிண்டர் துளையின் விட்டத்தை, அளக்க வேண்டும். இத்தாலியில் செய்த 1100டியின் எஞ்சின் 1,221 சிசி, போர் 72 மில்லிமீற்றர். இந்தியாவில் செய்தது 1,089 சிசி, போர் 68. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டிலும் 75. பெயர் ஒன்று என்று நம்பி வாங்கிய பிஸ்டன் 4 மில்லிமீற்றர் சிறிதாக வந்து நிற்கும்.

இப்போது பெயின்ற். தேய்த்துப் புதிதாக அடித்தால், அடியில் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. கறளை மூடி அடித்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டு விலையைக் குறைப்பார். மங்கிப்போன அசல் நிறம் இருந்தால் கழுவி, மெழுகு போட்டு, அப்படியே காட்டுங்கள். பெரிய ஏலங்களிலும் இதுதான் நடக்கிறது: 2015 பெப்ரவரியில் பரிசில், பிரான்சின் ஒரு பண்ணைக் கொட்டிலில் பத்திரிகைக் கட்டுகளின் அடியில் கிடந்த 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர் தூசியோடேயே மேடைக்கு வந்து 1 கோடியே 60 லட்சம் யூரோவைத் தாண்டியது.

பல வருடம் நின்ற பெற்றோல் கார் ஒன்றைக் கராஜுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். எஞ்சின் இறுகிவிட்டது. கட்டி இழுத்து கியரில் விட்டால் விட்டுக்கொடுக்குமா?
மெக்கானிக், கிண்ணியா

விட்டுக்கொடுக்கும், எது என்பதுதான் கேள்வி. ரிங் கறளில் ஒட்டியிருந்தால் ரிங் உடையும். வால்வு வழிகாட்டியில் ஒட்டியிருந்தால் புஷ்ரொட் வளையும்.

பிளக்குகளைக் கழற்றுங்கள். தானியங்கிக் கியர் ஒயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து சிலிண்டருக்கு 15 மில்லிலீற்றர், அதாவது ஒரு மேசைக்கரண்டி விடுங்கள். அசிட்டோன் ஆவியாகும், நெருப்புக் கிட்ட வேண்டாம். இரண்டு நாள் விட்டு, கிராங்க் நட்டில் நீளக்கைப் பிடி போட்டுக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். அசையாவிட்டால் மறுபடி ஊற்றி இன்னும் இரண்டு நாள். பிடிமேல் குழாய் செருகிப் பாரம் கூட்டுவது கடைசி வழிகூட இல்லை. அந்த நிலைக்கு வந்தால் ஹெட்டைக் கழற்றுவதே மலிவு. சுற்றத் தொடங்கியதும் வால்வு மூடியைத் திறந்து ஒவ்வொரு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பிறகு பழைய ஒயிலை இறக்கி, பில்ற்றர் மாற்றி, 20டபிள்யூ-50 ஊற்றி, பிளக் போடாமலேயே ஸ்ராற்றரில் சுற்றி ஒயில் விளக்கு அணையும்வரை விடுங்கள். தாங்கியில் கிடக்கும் பழைய பெற்றோல் பசையாகியிருக்கும். அதை எஞ்சினுக்கு விடவே கூடாது. ஒரு சுத்தமான கலனில் புதுப் பெற்றோலை வைத்து, புது ஹோஸில் காபரேற்றருக்குக் கொடுங்கள். டிஸ்ரிபியூற்றர் பொயின்ற் முகத்தைச் சுத்தமாக்கி, இடைவெளியை அந்தக் காருக்குரிய அளவில் வையுங்கள். பிரிட்டிஷ் கார் என்றால் பற்றரி கட்ட முதல் எந்தக் கம்பி உடலில் பூட்டியிருக்கிறது என்று பார்க்கவும்; மொரிஸ் மைனரில் அது நேர்முனை.

எஞ்சின் வேலை செய்தவுடன் றோட்டில் இறக்கிவிடுவார்கள். பிரேக் அதற்கு முதல் முடிந்திருக்க வேண்டும். சில்லுச் சிலிண்டர் ரப்பர், ஹோஸ், மாஸ்ரர் சிலிண்டர் எல்லாம் புதுசு. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். பல வருடம் கிடந்த எண்ணெயை நம்ப முடியாது.

வீடு கடற்கரையோடு. என் பழைய காரின் அடிப்பக்கம் உதிர்கிறது. படகின் அடியில் நாகக்கட்டி (துத்தநாகக் கட்டி) பூட்டுவதுபோல் காரிலும் இரண்டு பூட்டினால் கறள் நிற்குமா?
மீன்பிடிப் படகு உரிமையாளர், உப்புவெளி

நிற்காது. நாகம் தன்னைக் கரைத்து இரும்பைக் காப்பாற்ற வேண்டுமானால் இரண்டும் ஒரே தண்ணீருக்குள் இருக்க வேண்டும். படகு கடலில் மிதக்கிறது, கார் காற்றில் நிற்கிறது. நாகக்கட்டியைச் சுற்றி இரண்டு அங்குலம் பிழைக்கும், அவ்வளவுதான். நாகத்தூள் கலந்த பிரைமர் உதவும், ஆனால் வெறும் இரும்பு வரைக்கும் தேய்த்த பிறகு. கறள்மேல் அடித்தால் நாகம் இரும்பைத் தொடாது, காசு வீண்.

உங்களுக்கு முதல் வேலை கழுவுவது. வாடைக்காற்றுக் காலம் முழுவதும் கிழமைக்கு ஒரு முறை சில்லு வளைவின் உட்புறம், கதவடிப் பெட்டி, முன் குறுக்குச் சட்டம். குழாய்த் தண்ணீரால். உப்புவெளிக் கிணறுகள் சில உவர். அதை அடித்தால் உப்புக்குமேல் உப்பு. கழுவியபின் கதவின் அடியிலும் பெட்டியின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து விடுங்கள். அங்கே மணல் அடைத்திருந்தால் உள்ளிருந்துதான் உதிரும், வெளியே கண்ணுக்குத் தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். காய்ந்த பிறகு பெட்டிகளுக்குள் மெழுகு வகைக் கறள்காப்பை நீளக்குழாயால் விசிறலாம். அதற்கு நல்ல காலம் கச்சான் வீசும் வறண்ட மாதங்கள். பழைய எஞ்சின் ஒயிலை அடியில் அடிக்கும் வழக்கத்தை விடுங்கள். மணலைப் பிடித்து வைக்கும், ரப்பரைத் தின்னும்.

பிளாஸ்ரிக் படங்கால் போர்த்த வேண்டாம். பகலில் உள்ளே வியர்த்து இரவில் தகட்டில் படியும். கூரையும் காற்றோட்டமும் போதும்.

பெரிய விலைக் கார்களும் இதில் தப்பவில்லை. மிலானின் டூரிங் பட்டறை மெல்லிய இரும்புக் குழாய்க் கூட்டின்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தியது. இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்பு ஈரம் போனால் அலுமினியம் வெள்ளைத் தூளாகும். அதே காரணத்துக்காக, உங்கள் காரில் அலுமினியத் துண்டு எதையும் ஸ்ரெயின்லெஸ் ஆணியால் பூட்டும்போது நைலோன் வாசர் போடுங்கள்.

பழைய இத்தாலிக் கார் ஒன்றை வெளிநாட்டிலிருந்து இங்கே இறக்கலாமா? இங்கிருந்து ஒன்றை ஏற்றலாமா?
வாசகர், மூதூர்

இறக்குவது கடினம். 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் திறந்தது. ஆனால் பாவித்த காருக்கு வயது எல்லை உண்டு, அறுபது வருடக் கார் சாதாரண வழியில் வராது.

ஏற்றுவதில் பலர் அறியாத ஒரு விதி: 1945 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் இலங்கையில் முதற்பதிவு செய்த மோட்டார் வாகனத்தை வெளியே அனுப்ப, இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் உரிமம் வேண்டும். 1936இல் வந்த பியட் டொப்போலினோ, அந்த 569 சிசிக் குட்டிக் கார், உங்கள் பக்கம் எங்காவது நின்றால் இந்த விதிக்குள் வரக்கூடும். பார்க்க வேண்டியது முதற்பதிவுத் திகதியை, செய்த வருடத்தை அல்ல. வாங்க வந்தவர் கொள்கலன் பேசத் தொடங்க முதல் லொக்புக்கின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.